ஊமைத் தட்டு

அந்த ஸ்விட்ச் கம்பெனியில் அவளை எல்லோரும் காதக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். மாடியில் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, கோத்து முடித்த ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் வைத்து அழுத்திப் பார்ப்பது பதினான்கு வருடமாக அவள் வேலை. ‘டக்’ என்று சுத்தமாகக் கேட்டால் இடது பக்கம் நீலத் தட்டு. சத்தம் மழுங்கியிருந்தாலோ, இல்லவே இல்லை என்றாலோ வலது பக்கம் சிவப்புத் தட்டு. அந்தச் சிவப்புத் தட்டுக்குக் கம்பெனியில் வைத்த பெயர் ஊமைத் தட்டு.

ஸ்விட்சில் காது வைத்துக் கேட்க என்ன இருக்கிறது, அழுத்தினால் எரியும், திருப்பி அழுத்தினால் அணையும், அவ்வளவுதானே என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்பவர்கள் வீட்டு ஸ்விட்ச்தான் முதலில் கருகும். குமிழுக்கு அடியில் ஒரு குட்டி ஸ்பிரிங், அதற்குக் கீழே சீசாப் பலகை மாதிரி ஆடும் ஒரு பித்தளைத் தகடு, தகட்டின் நுனியில் ஒரு வெள்ளிப் பொட்டு. அந்தப் பொட்டு எதிரே இருக்கும் இன்னொரு பொட்டைத் தொட்டால் கரண்ட் ஓடும், விலகினால் நிற்கும். விலகுகிற நேரத்தில் இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னத் தீப்பொறி வரும். தகடு வெடுக்கென்று தாவினால் பொறி பிறந்ததும் செத்துவிடும். தயங்கித் தயங்கி நகர்ந்தால் பொறி நீண்டு நின்று பொட்டைத் தின்னும். பொட்டு கருகும், சூடேறும், பிளாஸ்டிக் தீய்ந்த வாசனை வரும். கடைசியில் ஒருநாள் இரண்டு பொட்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்போது குமிழ் ‘அணைத்தாயிற்று’ என்று பொய் சொல்லும், உள்ளே கரண்ட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அழுத்துகிற விரல் எவ்வளவு சோம்பேறியாக இருந்தாலும் தகடு தாவித்தான் ஆகவேண்டும். அந்தத் தாவலின் சத்தம்தான் ‘டக்’.

மேஜையில் ஒரு பல்புப் பலகையும் இருந்தது. ஸ்விட்சைச் செருகி அழுத்தினால் பல்பு எரியும், அணையும். ஆனால் எரிந்ததா அணைந்ததா என்பதோடு பல்பின் வேலை முடிந்துவிடும். எப்படி அணைந்தது என்று சொல்ல அதற்குத் தெரியாது. அதற்குக் காது வேண்டும். காதக்காவுக்குப் பாம்புக் காது. பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால் அது சின்னக் கரண்டியா பெரிய கரண்டியா என்று இங்கே இருந்தபடியே சொல்லுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஏன் இருக்கக்கூடாது?

மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அதே வேலையைச் செய்பவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. ஆறு வருடத்துக்கு முன்னால் காதக்காதான் சொல்லிச் சேர்த்துவிட்டாள். வீட்டில் ஒருத்தி கீழே, ஒருத்தி மாடியில். இங்கே எதிரெதிர் நாற்காலி. இருவருக்கும் வாய்ச்சண்டை வராத நாளும் கிடையாது, பேசாமல் இருந்த நாளும் கிடையாது.

வினை திங்கட்கிழமை காலையில் வந்தது. தட்டில் மீதமிருந்த சனிக்கிழமை சரக்கை முடித்துவிட்டு, காதக்கா புதிதாக வந்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்து அழுத்தினாள். சத்தம் வரவில்லை. வரவில்லை என்றும் சொல்ல முடியாது, போர்வைக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டது போல ஏதோ வந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. பத்து எடுத்தாள். பத்தும் ஊமை. வழக்கமாக நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ ஊமை வரும். வரிசையாகப் பத்தும் எப்படி ஊமையாகும்?

நிமிர்ந்து எதிரே பார்த்தாள். ஓரகத்தி சர்வசாதாரணமாக ஒவ்வொன்றாக அழுத்தி நீலத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அவளுக்குக் கேட்கிறது. அப்படியானால்?

காதக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. காது போகிற வயதா இது? போகலாம், யாரைக் கேட்டுக்கொண்டு போகிறது? காதுதான் அவளுடைய வேலை, காதுதான் அவளுடைய பெயர். அது போனால் அவளைக் கீழே அட்டைப்பெட்டி மடிக்க அனுப்புவார்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கே அனுப்புவார்கள். கையிலிருந்த ஸ்விட்சைப் பல்புப் பலகையில் செருகிப் பார்த்தாள். எரிந்தது, அணைந்தது. எதிரே ஒருமுறை பார்த்துவிட்டு மெல்ல அதை நீலத் தட்டில் வைத்தாள்.

அந்த ஒன்றுதான் கஷ்டமாக இருந்தது. அதற்கப்புறம் கை தானாகப் போனது. அவள் ஓரகத்தியின் கையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஓரகத்தி நீலத்தில் போட்டால் இவளும் நீலத்தில் போட்டாள். திங்கள் இப்படிப் போயிற்று, செவ்வாயும் போயிற்று. சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து சிவப்புத் தட்டை எட்டிப் பார்த்தார். நிமிஷத்துக்கு ஒருதரம் மணிக்கட்டைப் பார்ப்பதால் அவருக்குக் கடிகாரம் என்று பெயர்.

“என்ன காதக்கா, ஊமைத் தட்டு காலியாக் கிடக்கு? இந்த வாரம் சரக்கு பிரமாதம் போல!”

“ஆமா சார்” என்றாள் காதக்கா.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். அவள் கணவர் தையல்காரர். முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு, உதட்டிடுக்கில் நாலு குண்டூசியை வைத்தபடியே நாளெல்லாம் எதையாவது முணுமுணுப்பார். “நான் கூப்பிட்டா மட்டும் இவளுக்குக் காது கேக்காது” என்பது அவருடைய நிரந்தரக் கேலி. திங்கள் இரவுச் சாப்பாட்டின்போது அவர் ஏதோ கேட்டிருக்கிறார். காதக்கா யோசனையில் மூழ்கி உட்கார்ந்திருந்தாள். அவர் இரண்டாவது முறையும் கேட்டுவிட்டு அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வழக்கமான கேலி வரவில்லை. மூன்றாவது முறை, எதிர்வீட்டுக்குக் கேட்கிற குரலில், அன்பாக, “தண்ணி வேணுமான்னு கேட்டேன்மா” என்றார்.

செவ்வாய்க்கிழமையும் அதே உரத்த குரல், அதே அன்பு. அந்த அன்புதான் அவளைக் கதிகலங்க வைத்தது. இருபத்தெட்டு வருடமாகக் கேலி பண்ணிக்கொண்டிருந்த மனிதர் கேலியை நிறுத்திவிட்டார் என்றால், அவருக்கும் தெரிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

புதன்கிழமை மதியம் அவள் சூப்பர்வைசரிடம் போய்ப் பல்வலி என்று சொல்லி ஒன்றரை மணி நேரம் அனுமதி வாங்கினாள். காது என்ற வார்த்தையை வாயிலிருந்து வெளியே விட அவள் தயாராக இல்லை.

“நாலு மணிக்கு வேன் வருது, அதுக்குள்ள வந்துடுங்க” என்றார் கடிகாரம், மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே. “புது ஹாஸ்டலுக்குப் போற சரக்கு. இருநூறு ரூம். மூணு நாளா நீங்க பாஸ் பண்ணது மொத்தமும் போகுது.”

இருநூறு அறை. இதைக் கேட்டுக்கொண்டேதான் அவள் படியிறங்கினாள்.

காது பார்க்கிற கிளினிக் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது. டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, சத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். அங்கே பெட்டி போல ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு அடைத்த பலகை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரத்தின் முன்னால் ஒரு பெண். அவள் காதக்காவின் தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒயரோடு ஒரு பட்டனைக் கொடுத்தாள்.

“சத்தம் எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் சரி, கேட்டதும் இதை அழுத்துங்கம்மா. இங்க விளக்கு எரியும். நான் குறிச்சுக்குவேன்.”

பதினான்கு வருடமாக ஸ்விட்சுகளைப் பரீட்சை பண்ணியவள், இப்போது கையில் ஸ்விட்சைப் பிடித்துக்கொண்டு தானே பரீட்சைக்கு உட்கார்ந்திருக்கிறாள். சிரிப்பு வரவேண்டிய இடம்தான். ஆனால் அவள் பட்டனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கதவு மூடிக்கொண்டது. ஊசி மாதிரி ஒரு சத்தம். அழுத்தினாள். இன்னொன்று, கொஞ்சம் தடித்தது. அழுத்தினாள். தூரத்தில் ஒரு கொசு. அழுத்தினாள். இப்படியே வலது காது, இடது காது என்று கால்மணி நேரம் போயிற்று. கதவைத் திறந்துகொண்டு வந்தபோது அந்தப் பெண்ணின் முகம் சரியில்லை.

“ரெண்டு காதுலயும் அங்கங்க விட்டுப்போயிருக்கும்மா. நல்ல சத்தமாக் கொடுத்ததுக்கும் சில இடத்துல நீங்க அழுத்தவே இல்ல. கொஞ்சம் குறைபாடு இருக்கும்போல.”

அவ்வளவுதான், முடிந்தது. நீலத் தட்டு, சிவப்புத் தட்டு, ஜன்னலோர நாற்காலி எல்லாம் போயிற்று. அந்தப் பெண் நீட்டிய தாளில் ஒரு கோடு மேலும் கீழுமாகப் பல்லிளித்தது. காதக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“அழுத்தலையா? நான் எல்லாத்துக்கும் அழுத்தினேனே!”

“விளக்கு எரியலைம்மா.”

“எரியாது. உன் பட்டன் ஊமை.”

“என்னது?”

“நாலாவது தடவை அழுத்தினப்ப ‘டக்’னு வரல. விரல் மட்டும் உள்ள போச்சு, வந்துச்சு. ஒம்பதாவதுக்கும் அப்படித்தான். அப்புறம் இடது காதுக்கு மாத்தினியே, அதுல ரெண்டாவதும் ஏழாவதும். நீயே பாரு, நீ குறிச்சு வச்சிருக்கிற இடமும் அதுதானான்னு.”

அந்தப் பெண் தாளைப் பார்த்தாள். இயந்திரத்தைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

“ஹெட்போன் போட்டிருக்கும்போது, கைல இருக்கிற பட்டன் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா?”

“அது வந்தாத்தானே கேக்கும்! வராததுதான் கேட்டுச்சு.”

அந்தப் பெண் பட்டனை வாங்கி நாலைந்து முறை அழுத்திப் பார்த்தாள். மூன்றுமுறை எரிந்த விளக்கு நாலாம் முறை எரியவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து வேறு பட்டனை எடுத்து மாட்டினாள். மறுபடி பெட்டி, மறுபடி கொசு, மறுபடி ஊசி. இந்தமுறை கதவைத் திறந்தபோது அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். தாளில் கோடு மேஜையில் வைத்த ஸ்கேல் மாதிரி நேராக ஓடியது.

“அம்மா, என் காதே இவ்வளவு நல்லா இல்ல.”

காதக்கா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். போன உயிர் திரும்பி வருகிறபோது அப்படித்தான், கொஞ்சம் கண்ணீரோடு வரும். மூக்கை உறிஞ்சி, கண்ணைத் துடைத்து, நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு பாதியில் நின்றது.

காது நன்றாக இருக்கிறது. சரி. அப்படியானால் மூன்று நாளாக அவள் கையில் வந்ததெல்லாம்?

எல்லாம் ஊமை. நிஜ ஊமை. இருநூறு அறைக்கு.

சுவரில் மணி மூன்றேகால். தாளை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு அவள் படிகளில் இறங்கிய வேகத்தில் மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பஸ்ஸுக்காக நிற்கவில்லை. இரண்டு நிறுத்தத்தையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்தாள். கம்பெனி வாசலில் வேன் முன்னமே வந்து நின்றிருந்தது. பின்கதவு திறந்து, பாதிப் பெட்டிகள் ஏறியிருந்தன.

“நிறுத்துங்க! ஏத்தாதீங்க!”

கடிகாரம் திரும்பிப் பார்த்தார். “என்ன காதக்கா, பல்லைப் பிடுங்கியாச்சா?”

“பல்லும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொய் சொன்னேன். இந்தப் பெட்டியெல்லாம் இறக்குங்க சார். உள்ள இருக்கிறது அத்தனையும் ஊமை.”

“நீங்கதானே பாஸ் பண்ணீங்க?”

“நான்தான் பண்ணேன். சத்தம் கேக்கல. கேக்கலைன்னா என் காது போச்சுன்னு நெனச்சேன். சொன்னா வேலை போயிடும்னு பயந்து நீலத் தட்டுல போட்டேன். இப்ப காதைப் பாத்துட்டு வரேன். காது நல்லா இருக்கு. ஸ்விட்சுதான் சரியில்ல.”

சொல்லிவிட்டாள். தெருவில், வேன் டிரைவர் முன்னால், மூச்சு வாங்க வாங்க. கடிகாரத்தின் முகத்தில் ஈயாடவில்லை. சத்தம் கேட்டு மாடியிலிருந்து ஓரகத்தி இறங்கி வந்து கடைசிப் படியில் நின்றிருந்தாள். அவள் வாய் பாதி திறந்திருந்தது.

“அக்கா... உங்களுக்கும் கேக்கலையா?”

“உங்களுக்கும்னா?” என்றாள் காதக்கா.

“எனக்கும் கேக்கலக்கா! திங்கக்கிழமை முதல் ஸ்விட்சிலேயே கேக்கல. பாம்புக் காதுக்காரி என்ன பண்றாங்கன்னு பாத்தேன். நீங்க பாட்டுக்கு நீலத்துல போட்டுட்டிருந்தீங்க. சரி, என் காதுதான் போச்சுன்னு நானும் போட்டேன்.”

“அடிப்பாவி! என் தட்டுல அப்ப சனிக்கிழமை சரக்குடி! அதுல சத்தம் நல்லா வந்துச்சு. அதை முடிச்சுட்டுப் புதுசை எடுத்தா, நீ நீலத்துல போடுறதைப் பாத்துட்டுத்தான் நான் போட்டேன்!”

“நான் உங்களைப் பாத்துப் போட்டேன்.”

“நான் உன்னைப் பாத்துப் போட்டேன்.”

“ரெண்டு ராத்திரியா தூக்கமில்லக்கா. காதுல எண்ணெய் ஊத்தி ஊத்தித் தலையணையே நாசமாப் போச்சு.”

முதலில் சிரித்தது வேன் டிரைவர். அப்புறம் ஓரகத்தி, அவளைப் பார்த்துக் காதக்கா. கடிகாரம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஒரு பெட்டியைப் பிரித்து ஒரு ஸ்விட்சை எடுத்து, திருப்புளியால் நெம்பி உள்ளே இருந்த ஸ்பிரிங்கை எடுத்தார். ஸ்டோர்காரரைக் கூப்பிட்டுப் பழைய ஸ்பிரிங் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டையும் உள்ளங்கையில் வைத்தால் ஒரே உயரம், ஒரே பளபளப்பு. விரலிடுக்கில் வைத்து நசுக்கினால் மட்டும் ஒன்று முறைத்தது, மற்றொன்று பணிந்து போனது.

ஸ்டோர்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். “இது காலிங்பெல் பட்டனுக்கு உள்ளது சார். கம்பி ஒரு நூலிழை மெலிசு. திங்கக்கிழமை டப்பா மாத்தினேன்... லேபிள் விழுந்து கிடந்துச்சு...”

“பெல் பட்டனுக்கு இது போதும்” என்றார் கடிகாரம் மெதுவாக. “ஹாஸ்டல்ல வெந்நீர் ஹீட்டருக்கு இதை மாட்டியிருந்தா?” முதல் தடவையாக மணிக்கட்டைப் பார்க்க மறந்து, வேனுக்குள் ஏறித் தானே பெட்டிகளை இறக்க ஆரம்பித்தார்.

முதலாளியம்மா அறையில் காதக்காவும் ஓரகத்தியும் கைகட்டி நின்றார்கள். அந்தம்மா எல்லாவற்றையும் கேட்டார். ஸ்பிரிங்கைத் தானும் நசுக்கிப் பார்த்தார். காதுப் பரிசோதனைத் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்றதுக்கு என்னம்மா?”

“சொன்னா அட்டைப்பெட்டி மடிக்க அனுப்பிடுவீங்கன்னு...”

“சொல்லாம இருந்ததுக்குத்தான் உங்களை அனுப்பணும். ரெண்டு பேரையும்.” அந்தம்மா நிறுத்தினார். ஓரகத்தி காதக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆனா வேன் கிளம்புறதுக்கு முன்னால தெருவுல நின்னு சொன்னியே, அதுக்காக விடறேன். நாளைலேருந்து மொத்தத்தையும் பிரிச்சு ஸ்பிரிங் மாத்தணும். ஹாஸ்டலுக்கு நான் பேசிக்கிறேன். இனிமே ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாத்துத் தட்டுல போடக்கூடாது. நாற்காலியைத் திருப்பிப் போடுங்க.”

வெளியே வந்ததும் இருவரும் படியிலேயே உட்கார்ந்தார்கள். வேலை இருக்கிறது. காது இருக்கிறது. எந்த அறையிலும் எதுவும் கருகப் போவதில்லை. ஓரகத்தி எண்ணெய் ஊற்றிக் காதில் அடைத்திருந்த பஞ்சை எடுத்துத் தூர எறிந்தாள்.

“நாற்காலியைத் திருப்பிட்டா அப்புறம் எப்படிக்கா பேசிக்கிறது?”

“நமக்கென்னடி, காதுதான் நல்லா இருக்கே” என்றாள் காதக்கா.

வீட்டு வாசலில் காலை வைக்கும்போதே தையல் மெஷின் நின்றது. அவள் கணவர் எழுந்து நின்று, தெருக்கோடி வரை கேட்கிற குரலில், “வந்துட்டியாமா? டீ... போடட்டுமா?” என்றார், ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்து, கையால் டம்ளர் போலச் சைகை வேறு காட்டி. காதக்கா தாளை அவரிடம் நீட்டிவிட்டு உள்ளே போனாள்.

முன்னறையில் தாள் சரசரத்தது. அவர் தாளை இரண்டு முறையாவது படித்திருக்க வேண்டும். நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. பெரிதாக ஒரு பெருமூச்சு. மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அதன் தடதடப்புக்கு அடியில், உதட்டில் நாலு குண்டூசியோடு, சுவரைப் பார்த்துக்கொண்டு அவர் முணுமுணுத்தார்.

“போச்சு. இனிமே இவளை வாய்க்குள்ளகூடத் திட்ட முடியாது.”

சமையலறையில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்த காதக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கேட்டுச்சு” என்றாள்.